வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு குறித்து ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் கல்லூரியின் நிருவாகத்தினருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

அமெரிக்கக் கிறிஸ்தவ மதப்பணி அமைப்பான அமெரிக்க இலங்கை மிஷன் 1823 இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி என்னும் உயர்கல்விக் கூடத்தின் வழிவந்ததே 1872 இல் தொடங்கிய உங்கள் கல்லூரி. மிஷன் பாடசாலைகளின் வரலாறு பெரும்பாலும் அதிபர்களின் பெயர் வரிசையாகவே சொல்லப்பட்டு வருகிறது. செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவரின் பெயர் மறக்கப்படக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அங்கே படித்தவர்கள் தமிழுக்குச் செய்தவற்றை நடுவில் வைத்து, தமிழிலேயே ஒரு முழுமையான வரலாற்றை எழுதுவிக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களையும் கற்பித்த அந்தச் செமினரி, பாடத்திட்டத்தின் விரிவில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகரானது என்று பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் எழுதினார். இப்பாராட்டைவிட, அங்கிருந்து வெளிவந்தவர்களின் பணியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1841 இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் கற்றவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வாறே. தொல்காப்பிய உரைகளையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் உழைப்பு இல்லையேல், பழந்தமிழ் நூல்கள் அச்சுக்கு வந்த வரலாறே வேறாக இருந்திருக்கும். கிறிஸ்தவ நிறுவனமொன்றில் பயின்றவர் சைவராக வாழ்ந்து தமிழுக்குச் செய்த இப்பணியையும் செமினரியின் பேறாகவே நீங்கள் கொண்டாட வேண்டும்.

இத்தகைய வரலாற்றை எழுத முனைபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. மிஷன் மாணவர்களுக்கு அமெரிக்கப் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆகவும், 'நியாய இலக்கணம்' எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆகவும் அறியப்பட்டனர். புகழ்பெற்றவர்களின் இரு பெயர்களும் நமக்குத் தெரியும். ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராகவும் கச்சேரி எனப்படும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகவும் வாழ்ந்து மறைந்தவர்களின் இரு பெயர்களையும் ஊரையும் இணைத்துக் காட்டக்கூடியவை பழைய சேர்வுப் பதிவேடுகளும் மிஷன் அறிக்கைகளும் குடும்பங்களிடம் உள்ள கடிதங்களுமே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்ட பின்னர், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாளும் நமக்கு அருமையானது.

செமினரி 1855 இல் மூடப்பட்டதையும் மழுப்பாமல் எழுத வேண்டும். ஆங்கிலக் கல்வி மாணவரைத் திருச்சபை ஊழியத்துக்கு அனுப்பாமல் அரசாங்க உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்றும், மிஷன் தாய்மொழிக் கல்வியிலேயே கருத்தூன்ற வேண்டும் என்றும் மிஷனின் தலைமையகம் இருந்த பொஸ்ரனிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் குழுவினர் கருதினர். மதப்பணி நோக்கில் அதற்கொரு நியாயம் இருந்திருக்கலாம். இரு மொழியிலும் ஆழ்ந்த புலமை தந்த ஒரு கல்விமுறையை அது முறித்துவிட்டது என்பதே என் கருத்து. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அன்று வேண்டிநின்றது எது, மிஷன் தர விரும்பியது எது என்பதை இரு தரப்புச் சான்றுகளோடும் உங்கள் மாணவர்கள் படித்தறிய வேண்டும்.

ஆகவே, கல்லூரியிலும் திருச்சபையிலும் உள்ள பழைய பதிவேடுகளையும் சஞ்சிகைகளையும் மின்னூலாக்கி எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பழைய மாணவர்கள் தத்தம் குடும்பங்களில் உள்ள கடிதங்கள், சான்றிதழ்கள், புகைப்படங்களின் பிரதிகளை அனுப்பச் சங்கங்கள் வேண்டுகோள் விடுக்கட்டும். சைவர், கிறிஸ்தவர் இரு சாராரையும் கொண்ட எழுத்தாளர் குழுவொன்றை அமைத்து, பதிவேடுகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலையில் உயர்தர வகுப்பு மாணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் ஈடுபாடுடைய ஒரு வாசகர்