தாடிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தாடிக்கு,

தாடியை எடுத்து, தலைமுடியும் கொட்டிப்போன பிறகும் எனக்கு நீ தாடிதான். வேறு பெயர் போட்டால் யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுவது போல இருக்கிறது.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, அதில் உன் வழக்கமான அலட்சியம் வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. சின்னவன் படிப்பை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறான். அவன் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கண்ணோடு நீ முதலில் பிரித்தது நான் அனுப்பிய, கனடாக் கவி ஆன் கார்சனின் செய்யுள் நாவல் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் முன்பகுதியோடு மூடி வைத்துவிட்டு, "உரைநடையை எடுத்து வாக்கியத்துக்கு நடுவில் என்டர் தட்டினால் கவிதையாகிவிடுமா?" என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

இந்தக் கேள்வி பழையது. 1823இல் ரஷ்யக் கவி புஷ்கின் 'யெவ்கேனி ஒனேகின்' எழுதத் தொடங்கிய சமயத்தில் வியாசெம்ஸ்கி என்ற நண்பருக்கு ஒரு கடிதம் போட்டார். நான் எழுதுவது நாவல் இல்லை, செய்யுளில் ஒரு நாவல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிசாசுத்தனமானது என்கிறார் அதில். என்ன வித்தியாசம் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. விக்ரம் சேத் 1986இல் 'தி கோல்டன் கேட்' நாவலைப் பதினான்கு வரிப் பாக்களிலேயே எழுதி முடித்தார், ஆசிரியர் குறிப்பு உட்பட. ஒரு விருந்தில் நாவல் எழுதுகிறேன் என்றதும் முகம் மலர்ந்த பதிப்பாசிரியர், செய்யுளில் என்றதும் வெளுத்துப்போனதையும் உள்ளேயே ஒரு பாட்டாக்கி வைத்திருக்கிறார். உன் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பதிப்பாசிரியர் நீதானோ என்று தோன்றியது.

ஆன் கார்சனின் இந்தப் புத்தகத்தில் அந்த எதுகையும் இல்லை, பா வடிவமும் இல்லை. 1998இல் வந்த 'ஆட்டோபயோகிராஃபி ஆஃப் ரெட்'டில் ஒரு நீள வரி, அடுத்து ஒரு குட்டை வரி, அவ்வளவுதான் ஏற்பாடு. அதனால்தான் உனக்குச் சந்தேகம் வந்தது. நியாயம்தான். ஆனால் நீ கதைக்குள்ளேயே போகவில்லையடா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு பிடிக்கவில்லை என்று திரும்பிவிட்டாய்.

கதை எளிது. கெரியோன் என்று ஒரு பையன். உடம்பெல்லாம் சிவப்பு, முதுகில் சிவப்புச் சிறகுகள். ஒரு சாதாரண வீட்டில், சிகரெட் பிடிக்கும் அம்மாவோடும் அவனைப் பாடாய்ப்படுத்தும் அண்ணனோடும் வளர்கிறான். அண்ணன் செய்வது வெறும் சேட்டை இல்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டியது. எழுதத் தெரிவதற்கு முன்பே கெரியோன் தன் சுயசரிதையைத் தொடங்கிவிடுகிறான். எப்படித் தெரியுமா? ஒரு தக்காளியை வைத்து, அதற்குத் தலைமுடியாகப் பத்து டாலர் நோட்டைக் கிழித்து ஒட்டுகிறான். சிரிக்க வைத்துவிட்டு உடனே தொண்டையை அடைக்கவும் வைக்கிற இடம் அது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பையன் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும், போகப் பயம். நீ பலவீனமானவனாக இருந்தால்தான் இது கஷ்டம், நீ பலவீனமானவன் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள் அம்மா. அவனுடைய சின்னச் சிறகுகளை நீவிச் சரிசெய்து, கதவுக்கு வெளியே தள்ளிவிடுகிறாள். அடுத்த வரிக்குக் கதை போய்விடுகிறது. சட்டைக் காலரைச் சரிசெய்கிற அதே கையால் சிறகையும் சரிசெய்கிறாள், பார்த்தாயா?

இதையே உரைநடை நாவலாக எழுதிப் பார். இந்தச் சிறகு எப்படி வந்தது, டாக்டர் என்ன சொன்னார், சட்டையை எப்படித் தைத்தார்கள், தெருவில் யாரும் கேட்கவில்லையா என்று வாசகன் விடமாட்டான். நீயே கேட்பாய். ஆசிரியரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னதும் அது வேற்றுக்கிரகக் கதை ஆகிவிடும். செய்யுள் வரிக்கு அந்தக் கடமை கிடையாது. வரி முடிகிற இடத்தில் இருக்கும் வெற்றிடம் அந்தக் கேள்விகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. கண்ணகி தன் முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்றபோது நாம் யாராவது எப்படி என்று கேட்டோமா? நீ அந்தக் காதையை விடுதி மொட்டை மாடியில் நின்று சத்தமாகப் படித்தவன்தானே. 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்று சொல்லப்பட்ட காப்பியத்தை வைத்திருப்பவர்கள் நாம். நாவல் பாதி, பாட்டு பாதி என்பதெல்லாம் நமக்கு அதிர்ச்சி தரக்கூடாது.

இப்போது உன்னை விரட்டியடித்த முன்பகுதி. ஸ்டெசிகோரஸ் என்று ஒரு கிரேக்கக் கவி, சிசிலித் தீவின் ஹிமேராவைச் சேர்ந்தவர் என்பார்கள், ஹோமருக்குப் பிந்தியவர். ஹெலனைப் பழித்துப் பாடியதால் அவருக்குக் கண் போனதாம். சொன்னது பொய் என்று இன்னொரு பாட்டுப் பாடியதும் பார்வை திரும்பியதாம். பிளேட்டோவே இந்தக் கதையைச் சொல்கிறார். (உனக்கு லென்ஸ் வைத்தார்கள், அவருக்குப் பாட்டு போதுமாயிருந்தது.) அந்தப் பழங்கதையை வைத்துக்கொண்டு கார்சன் தர்க்கப் பாடம் போல, அவர் குருடர் அல்லது குருடர் இல்லை, குருடர் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி என்று நம்பர் போட்டு அடுக்குவார். அது கிண்டலடா! நீ அதைத் தேர்வுத் தாள் போலப் படித்திருக்கிறாய்.

ஸ்டெசிகோரஸ் கெரியோனைப் பற்றி ஒரு நெடும்பாட்டு எழுதினார். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் செய்து முடிக்க வேண்டிய பன்னிரண்டு வேலைகளில் பத்தாவது, செந்நிறத் தீவுக்குப் போய்க் கெரியோன் என்ற அரக்கனைக் கொன்று அவனுடைய செந்நிற மாடுகளை ஓட்டி வருவது. எல்லோரும் ஹெராக்ளிஸ் பக்கம் நின்று பாடுவார்கள். இவர் கொல்லப்படுகிறவன் பக்கம் போய் நின்றார். பாட்டு 1300 வரிக்குக் குறையாமல் இருந்திருக்கிறது. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் குப்பைமேட்டிலிருந்து தோண்டியெடுத்த பப்பைரஸ் தாள் கிழிசல்கள் 1967இல் அச்சில் வந்தபோதுதான் அதில் கொஞ்சமாவது கண்ணில் பட்டது. அதில் ஓர் இடம் இன்றும் படிக்கும்படி மிஞ்சியிருக்கிறது. அம்பு தலையில் பாய்ந்ததும் கெரியோனின் கழுத்து சாய்கிறது, இதழ் உதிர்க்கும் கசகசாப் பூவைப் போல. யோசித்துப் பார், மாடு வைத்திருந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத அரக்கன். அவனுக்கு ஒரு பூ.

கார்சன் கிரேக்கம் கற்பித்தவர். அந்தக் கிழிசல்களை அவர் ஒழுங்காக மொழிபெயர்த்துத் தரவில்லை. நடுவில் டாக்ஸி வரும், வார இறுதி வரும். ஏதோ தவறு என்று நீ நினைத்திருப்பாய். கிடைத்ததை வைத்து முழுப் பாட்டையும் கட்டி எழுப்புவதாக அவர் நடிக்கவே இல்லை. ஓட்டைகளை ஓட்டைகளாகவே விட்டு, அவற்றின் வழியாக நம் காலத்துப் பையன் ஒருவனை நடத்திக்கொண்டு வருகிறார். முன்பகுதியைப் பிடித்து வைத்தால்தான் பின்னால் வரும் கதையில் ஒரு பயம் கூடவே ஓடும். பதினான்கு வயதில் ஒரு நடு இரவில் பஸ் நிலையத்தில் கெரியோன் ஒருவனைச் சந்திக்கிறான். பெயர் ஹெராக்ளிஸ். அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பையனுக்கோ காதல். ஒரு டாலருக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிறான். இல்லை, வேண்டுமானால் கால் டாலர் சும்மா தருகிறேன் என்கிறான் ஹெராக்ளிஸ். காதல் தொடங்குகிற இடத்தில் இவ்வளவு சில்லறையான பேச்சை வேறு யார் எழுதுவார்கள்!

அம்பு எங்கே பாயும் என்று காத்துக்கொண்டே படித்தேன். அது வில்லிலிருந்து வரவில்லை. நீ சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று ஹெராக்ளிஸ் சொல்கிறான். எனக்குச் சுதந்திரம் வேண்டாம், உன்னோடு இருக்க வேண்டும் என்கிறான் இவன். அதற்குப் பிறகு கழுத்து சாய்ந்ததா இல்லையா என்பதை நீயே படித்துக்கொள்.

புத்தகம் முழுக்கத் தங்கம் என்று சொல்லமாட்டேன். பெரியவனான கெரியோன், ஓவர்கோட்டுக்குள் சிறகை மறைத்துக்கொண்டு போனஸ் அயர்ஸில் தத்துவப் பேராசிரியர்களிடம் மாட்டிக்கொள்கிற பகுதி இழுவை. ஹோட்டலில், சொற்பொழிவில், மதுக்கூடத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், பேசுகிறார்கள். கார்சனுக்குத் தன் படிப்பைப் பையிலிருந்து எடுத்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ஹெராக்ளிஸும் அவனுடைய புதுத் துணையும் திரும்ப எதிர்ப்பட்டு, மூவரும் பெருவின் எரிமலைப் பக்கம் போகும்போதுதான் கதைக்கு மீண்டும் சூடேறுகிறது.

எரிமலை என்றதும் அந்தப் பாட்டி எடுத்த போட்டோவைச் சொல்லாமல் விட முடியாது. ஹெராக்ளிஸின் பாட்டி எரிமலை வெடித்தபோது எடுத்த படம், பதினைந்து நிமிட எக்ஸ்போஷர். பதினைந்து நிமிடமும் ஒரே தாளில் கிடக்கிறது: மேலே போகிற பாறையும் கீழே வருகிற சாம்பலும் ஒன்றாக. கெரியோனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு அவனே கேமராவோடு திரிகிறான், சுயசரிதை படங்களாக மாறுகிறது. கடைசிப் பகுதியில் வரும் பல இயல்களுக்குப் படங்களின் பெயர்தான். அதில் ஒன்றின் எண் 1748. அமெரிக்கக் கவி எமிலி டிக்கின்சனின் எரிமலைக் கவிதை ஒன்றின் எண்ணும் அதுதான், கதை தொடங்கும் முன்பே அந்தக் கவிதையை எடுத்து வைத்திருப்பார். என் சின்னவனுக்கு இந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். இந்த வீட்டில் அது சாதாரண சம்பவம் இல்லை.

எனக்கு இதெல்லாம் போய் நிற்பது நம் குண்டலகேசியில். ஐம்பெருங்காப்பியம் என்று மனப்பாடம் செய்தோம், கையில் இருப்பது 19 பாட்டு. அவையும் பெரும்பாலும் நிலையாமையும் அறமும் பேசுபவை. கதையை நீலகேசி உரையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் திருடனை நாயகி மாடத்திலிருந்து பார்த்துக் காதலிக்கிறாள். மீட்டு மணக்கிறாள். ஊடலில் ஒரு சொல், நீ கள்வன்தானே என்று. அவன் அவளை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். உங்களை வலம் வந்து வணங்கிவிட்டுச் சாகிறேன் என்று சுற்றி வந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள். இந்த இடத்துக்கு ஒரு வரியாவது இருந்திருக்காதா? அவள் சுற்றிய சுற்றில் என்ன நினைத்தாள்?

நம்மில் யாராவது அந்த 19 பாட்டையும் முன்னால் வைத்து, நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிறோமே, நமக்கு நாமே ஏன் அழவில்லை என்று கேட்கிற அந்தப் பாட்டையும் அதன் இடத்தில் விட்டு, பின்னால் இன்றைக்கு ஒரு பெண்ணை அந்த மலைக்கு ஏற்ற வேண்டும். மொத்தக் காப்பியத்தையும் நிரப்பி எழுதினால் கெட்டுவிடும். புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் ராமாயணத்தை முழுதாகவா திரும்ப எழுதினார்? அகலிகையை மட்டும் எடுத்துக்கொண்டார், ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்ற ஒரே ஒரு செய்தியை அவள் காதில் போட்டார்.

இதை உன் தலையில் கட்டலாமா என்று பார்க்கிறேன். கல்லூரி ஆண்டு மலரில் ஆசிரியப்பாவில் காதல் கடிதம் எழுதியவன் நீ. தளை தட்டியது, அது வேறு விஷயம்.

இப்போதைக்கு ஒன்று செய். முன்பகுதியைத் தாண்டி நேராகக் கதைக்குப் போ. ஒவ்வோர் இயலும் இரண்டு மூன்று பக்கம்தான், கண்ணுக்குச் சிரமமில்லை. முடித்துவிட்டு முன்பகுதிக்குத் திரும்பி வா. ஹெராக்ளிஸைப் பற்றி உன் அபிப்பிராயம் எனக்கு அவசியம் வேண்டும். அவன் கெட்டவன் இல்லை, தன் அழகைத் தாண்டி எதையும் பார்க்கத் தெரியாதவன் என்கிறேன் நான். என் மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை, அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்கிறாள். நீ யார் பக்கம்?

பதிலைக் கையால் எழுது. உன் வாய்ஸ் மெசேஜில் பாதி நேரம் இருமல்தான் கேட்கிறது.

அன்புடன்,
உன் ஒல்லி
(இப்போது இல்லைதான்)