தணலில் புகை இருக்காது

ரங்கூன்
மார்கழி 8

அன்பு மகன் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் தங்கச்சியும் நலம். பாட்டிக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஐந்தாம் தேதி நீ பாங்காக்கிலிருந்து அனுப்பிய பணம் தங்கச்சியின் கேபேயில், அந்தப் போன் கணக்கில், விழுந்துவிட்டது. மூன்று மாதமாகப் பணம் தேதி தவறாமல் வருகிறது. குரல்தான் வரவில்லை. சரி, அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. கடைசியாகப் பேசியபோது, "இந்தத் தத்துவமெல்லாம் சோறு போடுமாம்மா" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. இந்த ஞாயிறு கோயில் வகுப்பில் அளவைப் பாடம் தொடங்குகிறேன். குறிப்பு எடுக்கும்போதெல்லாம் உன் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன் உனக்கு எழுதிவிடுகிறேன். தங்கச்சி படம் பிடித்து வைபரில் அனுப்புவாள். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

அளவை என்றால் படி, நாழி மாதிரிதான். எத்தனை பேருக்கு என்று பார்த்து அரிசியை அளந்துதான் உலையில் போடுகிறோம். காதில் விழுகிற செய்தியை மட்டும் அளக்காமல் அப்படியே மனசில் கொட்டிக்கொள்கிறோம். கண்டது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு, பிறர் சொன்னது எவ்வளவு என்று பிரித்து அளப்பதற்குத்தான் காண்டல், கருதல், உரை என்று மூன்று படிகளை வைத்தார்கள். அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ நூலில் தம் கொள்கையைச் சொல்லும் பகுதியை இந்த அளவையிலிருந்துதான் தொடங்குகிறார். கடவுளைப் பற்றிப் பேச வந்தவரே முதலில் எடுத்தது படியைத்தான் பார்.

மலையும் நெருப்பும் உனக்கு மறந்திருக்காது. இந்த மலையில் நெருப்பு உண்டு. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களை போல. இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு உண்டு. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு. பிள்ளைகள் இரண்டு வாரத்தில் ஒப்பித்துவிடுவார்கள். எந்த உறுப்பில் கால் இடறுகிறது என்று பிடிக்கப் பழக இரண்டு வருடமாவது வேண்டும்.

முதல் இடறல் ஏதுவில், அதாவது காரணமாகக் காட்டுகிற புகையில். இப்போது விடியற்காலையில் லைங் ஆற்றுப் பக்கம் போனால் தண்ணீர் மேல் வெள்ளையாக எழும்பி நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஏதோ எரிகிறது போலத்தான் இருக்கும். பக்கத்தில் போனால் முகம் குளிர்ந்துவிடும். அது மூடுபனி. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவதை மணிமேகலை 29ஆம் காதை பிழை என்று எடுத்துக் காட்டுகிறது. நியாயம் முழுக்கச் சரியாக இருக்கும், புகைதான் புகையாக இருக்காது. அதனால் முதலில் ஏதுவைப் பார். ஒருத்தர் முகம் கடுகடுவென்று இருந்தால் கோபம் என்று முடிவுகட்டுமுன் அவருக்குப் பல்வலியா என்று பார். முதலாளி பேசாமல் போனால் வேலை போகப்போகிறது என்று நினைக்குமுன் அவர் எல்லோரிடமும் அப்படித்தானா என்று பார்.

இரண்டாவது இடறல்தான் பெரிது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. அதைத் திருப்பிப் போட்டு, புகை இல்லையென்றால் நெருப்பு இல்லை என்று சொல்ல முடியாது. தருக்க நூலார் பழுக்கக் காய்ந்த இரும்பு உருண்டையைக் காட்டுவார்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நீ பதினொரு வயதில் வகுப்பில் எழுந்து, நான் இரும்பு உருண்டையைச் சொல்லுமுன்பே, "நம்ம வீட்டுக் கரியடுப்பு?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இன்றைக்கும் கரியடுப்பைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

கரண்ட் இல்லாத வேளைகளில் இப்போது அந்த அடுப்பில்தான் சமையல். விறகில் ஈரமும், சூடேறினால் ஆவியாக வெளியேறும் சத்தும் உண்டு. அது முழுக்க எரியாமல் வெளியே வருவதுதான் புகை. கரியாக்கும்போதே சூளையில் அதெல்லாம் போய்விடுகிறது. மூட்ட வைக்கிற பைன் சிராய் எரிந்து முடியும்வரை கண்ணைக் கரிக்கும். கரி பற்றிக்கொண்ட பிறகு செக்கச்செவேல் என்று தணல் மட்டும், புகை கிடையாது. ஆகவே புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, நெருப்பும் ஈரவிறகும் வேண்டும். இப்படி மறைந்து நின்று துணை செய்யும் நிபந்தனைக்குத் தருக்கத்தில் உபாதி என்று பெயர். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை முடிவுகட்டும்போது, "இதற்கு ஈரவிறகு எது" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்.

புகை இல்லையே என்று கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம், அந்தத் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். உங்கள் அறையில் யாராவது கரி மூட்டுகிறார்களா? மூட்டினால் வெளியே வைத்து மூட்டச் சொல், சன்னலையும் அகலத் திறந்து வை. குளிர்காலம், எல்லோரும் அடைத்துக்கொண்டு படுப்பீர்கள். சன்னலைத் திறந்து வை தம்பி.

வைபரில் நான் எது கேட்டாலும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். நல்லதுதான், வந்ததே என்று இருக்கிறது. ஆனால் அது புகை இல்லாத அடுப்பு மாதிரி இருக்கிறது.

இன்மையை அறிவதற்கும் ஒரு அளவை உண்டு. மணிமேகலை 27ஆம் காதையில் வேதவியாசன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று ஒவ்வொரு ஆசிரியரும் கொண்ட அளவைகளின் எண்ணிக்கை வரும். அந்த ஆறில் கடைசி அபாவம். தரையில் குடம் இல்லை என்பது எப்படித் தெரிகிறது? பார்த்தேன், காணவில்லை, ஆகவே இல்லை. கேட்கச் சுலபமாக இருக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: குடம் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும், பார்வை மறைந்திருக்கக் கூடாது, பார்க்கிறவள் அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை. போன் வரவில்லை, ஆகவே பிள்ளைக்கு நம் நினைப்பு இல்லை என்று பாட்டி சொல்கிறார். நான் அவருக்கு இந்தக் குடத்தைத்தான் சொன்னேன். போன் வரவில்லை, ஆகவே பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை என்று உன் பெகு மாமா சொல்கிறார். அவருக்கும் இதைத்தான் சொன்னேன். இரண்டு பேரும் இருட்டில் நிற்கிறார்கள். நானும்தான்.

உரைக்கு வருகிறேன். சொல்கிறவன் ஆப்தனா, அதாவது நம்பத்தக்கவனா என்று பார்க்கச் சொல்வார்கள். அவன் நேரில் அறிந்தவனா, அறிந்ததை அப்படியே சொல்கிறவனா, பொய் சொல்லி ஆதாயம் காண்கிறவன் இல்லையா என்று மூன்றையும் கேட்க வேண்டும். நம் பேச்சிலேயே ஒரு காவல் இருக்கிறது. "போனான்" வேறு, "போனானாம்" வேறு. அந்த "ஆம்" வந்தாலே சொல்கிறவர் காணவில்லை என்று அர்த்தம். இங்கே பர்மியர் வாக்கியக் கடைசியில் "தெ" போடுவதும் அதற்குத்தான். காலாமர் என்ற மக்களிடம் புத்தர், கேள்விப்பட்டோம் என்பதற்காகவும் வழிவழியாக வந்தது என்பதற்காகவும் ஒன்றைக் கொள்ளாதீர்கள் என்று பத்து வகை எண்ணிச் சொன்னதை நம் தெருப் பிள்ளைகள் அறிவார்கள். அப்படியிருந்தும் 2025 ஏப்ரலில், 21ஆம் தேதி எல்லா ஊரிலும் நிலநடுக்கம் வரும் என்று டிக்டாக்கில் ஒரு சோதிடர் சொன்னதை நம்பி எத்தனை பேர் வீட்டைவிட்டு வெளியே வந்து கிடந்தார்கள்! மார்ச் 28 குலுக்கலில் பயந்திருந்த ஜனம், அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நாள் சும்மாதான் கழிந்தது. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்வதை நம்பித் தெளிவதற்கு மணிமேகலையில் ஐதிகம் என்று பெயர்.

போன வெள்ளிக்கிழமை காளி கோயிலில் தாம்வே அத்தை என்னைப் பார்த்து, பாங்காக்கில் ஏதோ பட்டறையில் ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம் என்றார். "ஆம்" இருந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அருத்தாபத்தி என்று ஒன்று உண்டு. தேவதத்தன் பகலில் சாப்பிடுவதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான். ஆகவே இரவில் சாப்பிடுகிறான். முரணாக நிற்கும் இரண்டு செய்தி, இரண்டும் உண்மை என்றால், அவற்றைச் சேர்த்துவைக்கிற மூன்றாவது ஒன்று இருந்தாக வேண்டும். இதில் இடறுவது எங்கே என்றால், வேறு வழி எல்லாவற்றையும் அடைப்பதற்கு முன்பே முடிவுக்குத் தாவுவதில். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்: ஒரு பிள்ளைக்கு வேலை இல்லை, ஆனால் வீட்டுக்குப் பணம் வருகிறது. வேலை போனது என்பதே பொய்யாக இருக்கலாம். வேறு வேலை கிடைத்திருக்கலாம். சேமிப்பிலிருந்து வரலாம். கடன் வாங்கியும் வரலாம். நான்கு கதவு. இங்கே உட்கார்ந்திருப்பவளால் ஒன்றைக்கூடச் சாத்த முடியாது.

நான்காவது கதவு என்றால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு, பாடத்துக்காகச் சொல்கிறேன். பத்து வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து என்று 5,000 பாட் வாங்கினால் மாதம் 500 வட்டி. அசல் அப்படியே நிற்கப் பத்து மாதத்தில் வட்டியே 5,000 கட்டியிருப்பான். வட்டியைக் கட்ட முடியாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் எட்டாவது மாதம் கடன் 10,700ஐத் தாண்டும். வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குகிறவனுக்கு இது இன்னும் வேகமாக ஏறும். அப்படிப்பட்ட நிலையில் உள்ளவன் முதலில் செய்ய வேண்டியது வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்துவது. இரண்டாவது, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி வட்டி அதிகமானதை மேலே வைப்பது. மூன்றாவது, ஒருத்தரிடமாவது சொல்வது. முதலாவதைச் செய்தால்தான் மற்றது நடக்கும். முதலில் அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

பிழையான அறிவு எட்டு என்று மணிமேகலை 27ஆம் காதையிலேயே வரும். தறியோ மகனோ, நிற்பது கம்பமா ஆளா என்று தெரியாமல் நிற்பது ஐயம். ஆராயாமல் கம்பத்தை ஆள் என்று தீர்மானிப்பது தேராது தெளிதல். பிள்ளைகள் இந்த இரண்டையும் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு விளங்காதது கண்டுணராமை. புலி ஒன்று கிட்டே வருவதைக் கண்ணால் கண்டுகொண்டே அறியாமல் இருப்பது. "கண்டால் தெரியாதா டீச்சர்?" என்று கேட்பார்கள். முப்பது வருடமாக ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

கடைசியாக வீடியோவில் பேசினோமே, உன் பின்னால் சுவர் நீலமாக இருந்தது. பழைய அறையில் வெள்ளைச் சுவர், நாட்காட்டி மாட்டிய ஆணி. அன்றைக்கு ஆணி இல்லை. தலைக்கு மேல் இரும்புக் கட்டிலின் அடிப்பலகை தெரிந்தது, அதில் யாருடைய கைலியோ தொங்கியது. உன் இடது மணிக்கட்டில் தாத்தா கடிகாரம் இல்லை, பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. இதையெல்லாம் நான் கண்டேன் தம்பி. கண்டுகொண்டே, கூரைத் தகரத்துக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாம்வே அத்தை மகன் வீட்டுக்கு மாடி எடுத்ததையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீ, தத்துவம் சோறு போடுமா என்று கேட்டாய். எனக்கு அது எதிர்ப்பேச்சாகப் பட்டது. ஏதுவைப் பார், ஏதுவைப் பார் என்று ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் சொல்கிறவள், என் பிள்ளை ஏன் அப்படிக் கேட்டான் என்று பார்க்கவில்லை. நீ சொல்ல வாய் எடுத்திருப்பாய். நான் தகரத்தைப் பேசி அடைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வெளுத்த மணிக்கட்டு எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

பாட்டியிடம் இதைச் சொல்லவில்லை. தங்கச்சி எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டாள், அவளுக்குத் தெரியும்.

கூரைத் தகரம் இப்போது வேண்டாம். ஓட்டை மூன்றுதான், தார் காய்ச்சிச் சாக்குத் துண்டு வைத்து ஒட்டியாகிவிட்டது. மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எனக்கு வகுப்புப் பணம் வருகிறது, தங்கச்சி தையலில் கொஞ்சம் வருகிறது, அரிசி இரண்டு மூட்டை இருக்கிறது. அடுத்த ஐந்தாம் தேதி பணம் அனுப்பாதே. அனுப்பினால் தங்கச்சி திருப்பி அனுப்பிவிடுவாள், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. சன்னலைத் திறந்து வை.

இந்த வாரம் எங்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் கரண்ட். அந்த நேரத்தில் கூப்பிடு. கடிகாரம் எங்கே என்று நான் கேட்கமாட்டேன். முகம் தெரிகிற மாதிரி போனை வை.

அம்மா