டிகிரி வந்தாச்சு, வீடு எப்போது கைக்கு வரும்?

நெல்லைச் சீமையில், டிகிரியை, அதாவது கோர்ட் கொடுத்த தீர்ப்பாணையை, அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுக்களை விசாரிக்கும் நீதிபதிகளுக்கும், அவற்றை நடத்தும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக வெகுகாலம் கேஸ் கட்டு சுமந்தவன் நான். தீர்ப்பு சொன்ன அன்றைக்குக் கட்சிக்காரர் கோயிலுக்குப் போவார். மறுவாரமே வந்து, "அண்ணாச்சி, வீடு எப்போ கைக்கு வரும்?" என்று கேட்பார். இன்னொரு மனு போட வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சேரன்மகாதேவிப் பக்கத்து அக்கா ஒருவருக்கு, வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லி டிகிரி வந்தது. கோர்ட் உத்தரவை நிறைவேற்றப் போகும் ஊழியரான அமீனா மூன்று தடவை போனார். மூன்று தடவையும் "கதவு பூட்டியிருந்தது" என்றே ரிப்போர்ட். பூட்டை உடைக்க ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக்கு ஒரு மனு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய்தா. அதற்குள் வாடகைக்காரரின் மச்சினர் தனக்கும் உரிமை உண்டென்று தடை மனுவோடு வந்துவிட்டார். ஏழு வருடம் போனது. சொந்த வீடு இருந்தும் அந்த அக்கா வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்.

நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. 1986இல் தொடங்கிய ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2025 மார்ச்சில் அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. பிறகு கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 8.82 லட்சம் மனுக்கள் தேங்கிக் கிடந்தன.

பணத்துக்கான டிகிரியிலும் இதே கதைதான். கடனாளியின் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 21, விதி 41 இருக்கிறது. கொடுக்க மறுத்தால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. இதை ஏன் முதல் வாய்தாவிலேயே கேட்பதில்லை? கட்சிக்காரரே வில்லங்கச் சான்று வாங்கி, எதிராளிக்கு எங்கே நிலம் இருக்கிறதென்று தேடி அலைகிறார்.

அப்புறம், வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள். துபாய் கோர்ட்டில் ஜெயித்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவரிடம் "அது இங்கே செல்லாது" என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். மத்திய அரசின் 2020 ஜனவரி 17 அறிவிக்கைக்குப் பிறகு, அமீரகத்தின் பணத் தீர்ப்பை அதே சட்டத்தின் 44ஏ பிரிவின்படி நேரே மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலும், எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்ற அந்த ஊர் நீதிமன்றச் சான்றும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா தீர்ப்புகளுக்கும் இந்த வழி உண்டு. சவுதி, கத்தார் என்றால் அந்தத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும், அதுவும் மூன்று வருடத்துக்குள். வழக்கின் நியாயத்தை ஆராயாமல், எதிராளி வரவில்லை என்று கொடுத்த எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பு அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் அடிபட்டுப் போகலாம் என்பதையும் வக்கீல்மார் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலக்கெடு போன பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

நீதிபதிகளிடம் நான் கேட்பது: வீட்டைக் கைக்கு வாங்கித் தரக் கேட்கும் சுவாதீன மனு வரும்போதே பூட்டு, போலீஸ் இரண்டுக்கும் ஒரே உத்தரவு போடுங்கள். தடை மனு வந்தால் நாள் குறித்துத் தொடர்ந்து விசாரியுங்கள். ஆறு மாதம் தாண்டிய மனுக்களின் பட்டியலை மாதாமாதம் கோர்ட் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பாளையங்கோட்டை