முதல் ஒரு மணி நேரத்தைக் கோப்புப் பாதைக்குக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பயிற்சி நிலையப் பொறுப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். சனிக்கிழமை, புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் நிரல்மொழி வகுப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைகளுக்குச் சராசரி காண்பதுதான் பயிற்சி. என் பக்கத்தில் இருந்த அக்காவால் கோப்பைத் திறக்கவே முடியவில்லை. அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை என்றது திரை. கோப்போ அவர் கண்முன்னே டெஸ்க்டாப்பில் இருந்தது. உதவி கேட்டவருக்கு, "இது கணினி அடிப்படை, இங்கே புள்ளியியல்தான் சொல்லித்தருகிறோம்" என்று பதில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கணக்குப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவர் அவர். சராசரியும் திட்ட விலக்கமும் அவருக்குப் புதிதல்ல. அவருடைய டெஸ்க்டாப், மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருந்தது. உங்கள் ஸ்லைடில் இருந்ததோ ஆசிரியருடைய கணினியின் பாதை, அதாவது அங்கே கோப்பு எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்று சொல்லும் முகவரி. அதைத் திருத்தி, விண்டோஸ் காட்டிய பாதையை அப்படியே ஒட்டினால் வேறொரு பிழை வந்தது. விண்டோஸ் கோப்புறைகளைப் பின்சாய்வுக் கோட்டால் (\) பிரிக்கிறது. ஆர் மொழியில் மேற்கோளுக்குள் வரும் அந்தக் கோட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. முன்சாய்வாக (/) மாற்றலாம், அல்லது இரண்டு முறை இடலாம். சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்? ஆர் இப்போது எந்தக் கோப்புறையில் தேடுகிறது என்று கேட்கவே ஒரு கட்டளை இருக்கிறது. அதையும் யாரும் காட்டவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தைக் கோப்புப் பாதைக்குக் கொடுங்கள். புள்ளியியல் பிறகு வரட்டும்.

வயதானவர்களின் குறை என்று இதை ஒதுக்காதீர்கள். கைப்பேசியோடு வளர்ந்த தம்பி தங்கைகள் பலரும் தேடல் பெட்டியை நம்பியே பழகியவர்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர்களும்தான் விழிக்கிறார்கள். ஜிப் கோப்பைப் பிரித்தெடுக்காமல் உள்ளேயே திறந்துவிட்டு, ஏன் படிக்கவில்லை என்று திகைத்தவர்கள் நம் வகுப்பிலேயே இருந்தார்கள்.

40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் பயிற்சிக் கட்டணத்துக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. அதை நம்பித்தான் பலர் வேலை மாறத் துணிகிறார்கள். "முன்னனுபவம் தேவையில்லை" என்று விளம்பரம் செய்து அவர்களை அழைத்தவர்கள் நீங்கள். அழைத்துவிட்டு, கதவருகே நிற்பவரிடம் அடிப்படை தெரியாதா என்று கேட்பது முறையல்ல.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த வகுப்பில் முதல் ஒரு மணி நேரத்தைப் பாதைக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் கணினியில், ஆர் மொழியில் வேலை செய்ய உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, தரவை அதே கோப்புறையில் வைத்து, ஒரு கோப்பையாவது திறந்த பிறகே பாடத்தைத் தொடருங்கள். அந்த அக்காவையும் தொலைபேசியில் அழைத்து, அந்த வகுப்பில் கட்டணமின்றி இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களில் ஒருவர்