பியாட்ரிஸ் ஷில்லிங் பற்றிய உரைக்குத் துணை நின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிரிட்டனின் விமானப் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங்கின் வாழ்வையும் பணியையும் பற்றிக் கோவையில் பள்ளி மாணவியருக்கு நான் ஆற்றிய உரையும், அங்கு வைக்கப்பட்ட செயல்முறை மாதிரியும் பலருடைய உழைப்பால் உருவானவை. விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்து, செய்த உதவியை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் நன்றி, கணபதியில் லேத் பட்டறை நடத்தும் அண்ணனுக்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர்விமானங்கள் சட்டென்று மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் அவற்றின் மெர்லின் எஞ்சின் திணறி அடங்கிவிடும். எரிபொருளை நேரடியாகப் பீச்சும் எஞ்சின் கொண்ட ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் போர்விமானங்களோ அதே பாய்ச்சலில் தப்பிவிடும். எஞ்சின் முழு விசையில் ஓடத் தேவையான அளவு பெட்ரோலை மட்டுமே உள்ளே விடும், நடுவில் துளையிட்ட சின்னஞ்சிறு உலோகத் துண்டு ஒன்றைக் குழாய்வழியில் பொருத்தியதுதான் ஷில்லிங் கண்ட தீர்வு. அத்தகைய துண்டொன்றைப் பித்தளையில் கடைந்து, துளையிட்டு, விளிம்பில் பிசிறு தட்டாதபடி எமரித்தாளால் தேய்த்து என் உள்ளங்கையில் வைத்த அண்ணன், "இந்த வில்லைக்கா ஒரு மணி நேரப் பேச்சு?" என்றார். கூலி வாங்கவும் மறுத்துவிட்டார்.

அடுத்து, எங்கள் தெருமுனை டூவீலர் மெக்கானிக். மெர்லின் எஞ்சினிலும் இருந்த, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து தரும் உறுப்பான கார்புரேட்டரை ஒரு பழைய புல்லட்டிலிருந்து கழற்றி, பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவையையும் ஊசி வால்வையும் காட்டி விளக்கியதோடு, ஒளி ஊடுருவும் பெட்டியொன்றில் அதே அமைப்பைப் பெரிதாக்கித் தந்தவரும் அவரே. பெட்டியைக் கவிழ்த்தால் நீர் மேற்புறமாக இருந்த பக்கத்துக்கு ஓடிவிடும். மிதவை எதிர்ப்பக்கம் விலகி வால்வை முழுதும் திறந்துவிடும். சட்டென்று மூக்கைத் தாழ்த்திய அன்றைய விமானத்திலும் இதே போலப் பெட்ரோல் மேற்புறம் ஒதுங்கியதால், முதலில் பெட்ரோல் எட்டாமல் எஞ்சின் திணறியது, பிறகு இவ்வாறு வரம்பின்றிப் புகுந்த பெட்ரோலில் மூழ்கி அணைந்தது. ஷில்லிங் 1934இல் ப்ரூக்லாண்ட்ஸ் பந்தய ஓடுகளத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திர விருது பெற்றவர் என்று சொன்னபோதுதான் மெக்கானிக்கின் முகம் உண்மையிலேயே மலர்ந்தது.

விமானப்படையில் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் என் உரையைப் படித்து, தயவுதாட்சண்யமின்றித் திருத்தினார். விமானம் நெடுநேரம் தலைகீழாகப் பறப்பதற்கு இந்தத் துண்டு உதவாது, பின்னாளில் மேம்பட்ட கார்புரேட்டர்கள் வரும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடே அது, ஆகவே "ஒரு பெண் போரை வென்றார்" என்றெல்லாம் பேசக் கூடாது என்றார். வாக்கியத்தை நீக்கினேன். விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலேயே பொருத்த முடிந்ததுதான் இதன் பெருஞ்சிறப்பு என்பதையும், 1941இன் தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சிறு குழுவுடன் விமானத்தளங்களுக்கே நேரில் சென்று பொருத்தும் பணியைக் கவனித்தார் என்பதையும் அழுத்திச் சொல்லச் செய்தவர் அவரே. (விமானிகள் அதற்கு 'மிஸ் ஷில்லிங்கின் துளை' என்று பெயரிட்டனர், 1938இலேயே அவருக்கு மணமாகியிருந்தும் அந்த 'மிஸ்' ஒட்டிக்கொண்டது.)

ஷில்லிங்கிற்கு உதவியவரையும் உரையில் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்திய இயற்பியல் ஆசிரியைக்குத் தனி நன்றி. மின்பொறியாளர் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் தம்மிடம் தொழில் பழக வந்த அந்த இளம்பெண்ணைப் பல்கலைக்கழகம் செல்லும்படி ஊக்கியிராவிட்டால், மான்செஸ்டரில் 1932இல் பெற்ற மின்பொறியியல் பட்டமோ, 1936 முதல் 1969 வரை ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஆற்றிய பணியோ வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

அரங்கும் ஒலிபெருக்கியும் தந்த நிர்வாகத்தினருக்கும், கேள்விகளால் என்னைத் திணறடித்த மாணவியருக்கும் நன்றி. மாதிரி இனிப் பள்ளியின் ஆய்வகத்திலேயே இருக்கும். வால்வருகே உள்ள கசிவை மெக்கானிக் வந்து சரிசெய்த பிறகு, அதைக் கழற்றிப் பார்க்க விரும்பும் மாணவியர் ஆசிரியையிடம் ஸ்பானர் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
உரையாற்றியவர்