பில்லில் சாஃப்ட்வேருக்கு ஏன் 0 ரூபாய் போடுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஒரு பள்ளித் தாளாளர் எங்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சாஃப்ட்வேருக்கு நேராக 0 ரூபாய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் மீதித் தொகை எதற்கு?" நியாயமான கேள்வி. உங்கள் போர்ட்டலும் அதே முறையில் கட்டியதுதான் என்பதால், அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

போர்ட்டலின் அடியில் சர்வரை இயக்கும் டெபியன் லினக்ஸ், வாசலில் வருபவர்களின் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், தரவுகளுக்குப் போஸ்ட்கிரெஸ், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், பாடங்களுக்கு மூடுல், எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் கொடுக்கக் கீக்ளோக். ஆறும் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை. லைசென்ஸ் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆனால் எதற்கும் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டியதில்லை.

மீதித் தொகை எங்கள் வேலைக்கு. அந்த வேலை இவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இருக்கிறது. லாகினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் போதும். மூடுலும் கேட்காது, நெக்ஸ்ட்கிளவுடும் கேட்காது. மூடுல் அவரைக் கீக்ளோக்கிடம் அனுப்புகிறது, கீக்ளோக் சரிபார்த்து "இவர் இன்னார்" என்று கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டைத் தருகிறது, மூடுல் அந்தச் சீட்டை நம்பி உள்ளே விடுகிறது, பாஸ்வேர்டு அதன் கண்ணிலேயே படுவதில்லை. இதற்கு ஓப்பன்ஐடி கனெக்ட் என்று பொதுவான விதிமுறை இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஓரிடத்தில் கணக்கை மூடினால் போதும், அப்புறம் அவர் புதிதாக எதிலும் நுழைய முடியாது.

இந்த இணைப்பு கீக்ளோக்கின் ஒரே ஒரு இணைய முகவரியில் நிற்கிறது. 2022இல் கீக்ளோக் 17ஆம் வெர்ஷன் வந்தபோது அதன் அடித்தளம் வைல்ட்ஃபிளையிலிருந்து குவார்க்கஸுக்கு மாறியது, கூடவே முகவரியில் வழக்கமாக இருந்த 'ஆத்' என்ற பகுதியும் போய்விட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அப்டேட் போட்டிருந்தால் திங்கட்கிழமை காலை யாராலும் உள்ளே போயிருக்க முடியாது. அதனால்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர மற்ற எந்த அப்டேட்டையும் முதலில் உங்கள் போர்ட்டலின் நகல் ஒன்றில் போட்டு, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்கிறோம்.

ஆறுக்கும் ஆயுள் வேறு. போஸ்ட்கிரெஸின் ஒரு பெரிய வெர்ஷனுக்கு 5 ஆண்டுகள் திருத்தங்கள் வரும், டெபியனுக்கும் நீட்டிப்போடு சேர்த்து ஏறக்குறைய அவ்வளவே. நெக்ஸ்ட்கிளவுடுக்கு ஓர் ஆண்டுதான், அதிலும் இடையில் ஒரு பெரிய வெர்ஷனைத் தாண்டிக் குதிக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடும் மூடுலும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில பிஎச்பி வெர்ஷன்களைத்தான் ஏற்கும். இரண்டும் ஒத்துக்கொள்கிற, டெபியனிலும் கிடைக்கிற வெர்ஷன் எது என்று பார்த்துப் பொருத்துவதற்கே சில சமயம் இரண்டு நாள் போய்விடும்.

"புதுசு வந்துவிட்டதே, ஏன் இன்னும் போடவில்லை?" என்றும் சிலர் கேட்கிறீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கும் மென்பொருளின் புது வெர்ஷனில் யாரோ ஒளித்து வைத்திருந்த பின்வாசல், அதாவது சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி, அகப்பட்டது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், உங்கள் போர்ட்டலில் ஓடும் அதே போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களில் ஒருவர். சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த வெர்ஷன் டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் வந்துவிட்டது, நிலையான டெபியனுக்கு வரவில்லை. நாங்கள் போடுவது நிலையான டெபியன் மட்டுமே. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடுவதில்லை.

நாங்கள் சொந்தமாக எழுதியது கொஞ்சம்தான். சுற்றறிக்கைத் தேடல் அதில் ஒன்று. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் கழித்துத் தேடும் வசதி அதிலேயே இருக்கிறது, அதனால்தான் 'பள்ளி' என்று தேடினால் 'பள்ளியில்', 'பள்ளிக்கு' என்பவையும் வருகின்றன. எல்லாச் சொல்லுக்கும் சரியாக வராது. வராத சொற்களைப் பார்த்தால் எங்களுக்கு அனுப்புங்கள், உண்மையிலேயே உதவியாக இருக்கும்.

இன்னொன்று. நாளைக்கு எங்களை விட்டு வேறொருவரிடம் போக நினைத்தால் தாராளமாகப் போகலாம். டேட்டாபேஸ், கோப்புகள், இணைப்பு அமைப்புகள், நிர்வாகி பாஸ்வேர்டு எல்லாம் உங்களுடையவை, கேட்ட வாரத்திலேயே கொடுத்துவிடுவோம். லினக்ஸ் தெரிந்த யாரும் அதை எடுத்து நடத்த முடியும்.

இந்தச் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு நெக்ஸ்ட்கிளவுடை அடுத்த வெர்ஷனுக்கு ஏற்றுகிறோம், இரண்டு மணி நேரம் கோப்புகள் திறக்காது. பேக்கப் எடுத்துவிட்டுத்தான் தொடங்குவோம். ஞாயிறு காலை உங்கள் போனில் உள்ள ஆப் மறுபடி லாகின் கேட்டால் பழைய பாஸ்வேர்டையே போடுங்கள், அதற்கும் திறக்காவிட்டால் பில்லில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 7 மணியிலிருந்து ஆள் இருப்போம்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புக் குழு