பருப்பு வேகாத தண்ணீரும் வேதியியல் மன்றமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இக்காலக் கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வகக் கைப்பழக்கமும் இல்லை, ஆர்வமும் இல்லை’ என்று சென்ற வாரக் கல்வி இணைப்பில் ஒரே வரியில் தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியை எழுதியவர், கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் பியூரெட்டைக் கடைசியாகக் கழுவியது எந்த ஆண்டில் என்று தெரிந்தால் மகிழ்வேன்.

நாற்பது பேர் நிற்கும் ஆய்வகத்தில் ஒழுகாத பியூரெட் இருபதுதான். ஒருவர் குழாயைத் திருக, மற்றவர் குறித்துக்கொள்வார். முதல் அளவை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை அதற்கு ஒத்துவருமாறு எழுதிக்கொள்வதும், தேர்வன்று கண்டறிய வேண்டியது எந்த உப்பு என்பது மேசைக்கு வருமுன்பே காதுக்கு வந்துவிடுவதும் தாங்கள் அறியாதவை அல்ல.

எங்கள் வேதியியல் மன்றத்துக்கு ஒதுக்கிய பணம் பதாகைக்கும் பொன்னாடைக்கும் சரியாக இருந்தது. ஆகவே சனிக்கிழமை பிற்பகல்களில், மிஞ்சிய கரைசல்களை வைத்து, மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தோம். பருப்பே வேகவில்லை என்று ஒரு மாணவி கிணற்று நீர் கொண்டுவந்தார். 20 மி.லி. நீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தைப் பிணைக்க 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசல் 11.7 மி.லி. ஆயிற்று என்றார், அதாவது கடினத்தன்மை லிட்டருக்கு 585 மி.கி. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் இந்தியத் தர அளவு 600 வரை பொறுத்துக்கொள்ளும் என்பதால் கிணறு தேறிவிட்டது. நீரில் கலந்த நிறங்காட்டி சிவப்பிலிருந்து முழு நீலமாக மாறிய பிறகே அளவைக் குறிக்க வேண்டும்; குடுவையில் இருந்ததோ சிவப்புச் சாயல் போகாத ஊதா. ‘இது நீலமாம்மா?’ என்று மட்டும் கேட்டேன். வகுப்பில் ஒரே அளவோடு எழுந்துவிடும் அந்தப் பெண், தன் வீட்டுத் தண்ணீர் என்பதால், இன்னும் நான்கு முறை செய்தார். நுனியில் தொங்கிய அரைத் துளியையும் குடுவையின் உட்சுவரில் தொட்டெடுத்துக் கழுவிவிட்டார். கடைசி இரண்டும் 12.4, கிணறு 620. இவருக்குத்தான் ஆர்வம் இல்லையாம்.

மறு ஆண்டு, மின்சாரச் செலவைக் காரணம் காட்டி, சனிக்கிழமைகளில் ஆய்வகச் சாவி அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. அவ்வாண்டு மன்றத் தொடக்க விழாப் படம் தங்கள் நாளிதழில் மூன்று பத்தி அகலத்துக்கு வந்தது. அதற்கு முன் நாங்கள் அனுப்பிய கிணற்று நீர் அளவுகளுக்கு இடமில்லை என்றார்கள். இடநெருக்கடி எனக்கும் புரிகிறது.

இனி எந்தக் கல்லூரியிலிருந்து அத்தகைய படம் வந்தாலும், அந்த மன்றம் சென்ற ஆண்டு செய்த சோதனை எது என்று கேட்டு, படத்தின் கீழ் ஒரு வரி சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்